கோரல் தோட்டத்தில் இருக்கிறாள்

ட்ரிங்... ட்ரிங்...!

மூன்றாவது தடவை!

போர்வைக்குள் வெடவெடத்துக்கொண்டிருந்தார் மெர்வ் ட்ரெலோர். வயது எழுபத்தாறு. ஆஸ்திரேலியாவின் செஸ்நாக் நிலக்கரிச் சுரங்கத்தில் நாற்பது வருடம் வெட்டியவர். காலையில்தான் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு நுரையீரலைப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். மத்தியானமே காய்ச்சல் கொளுத்தியது!

ரிசீவரை எடுத்தார்.

"நர்ஸ் லியான். இப்ப காய்ச்சல் எவ்வளவு, மெர்வ்?"

"முப்பத்தொம்பது செல்சியஸ்..."

"உங்க மனைவிகிட்ட ஃபோனைக் குடுங்க."

"கோரலா? தோட்டத்துல இருக்கா."

"மூணு தடவையும் இதையேதான் சொல்றீங்க! மழை கொட்டுது!"

"அவ நகர மாட்டா..."

லைன் கட்!

தொலைந்தோம் என்று நினைத்தார் மெர்வ். விஷயம் வெளியே தெரிந்தால் மறுபடியும் அந்த ஆஸ்பத்திரி வார்டு... முகம் தெரியாதவர்கள் நடுவே சாக வேண்டியதுதான்.

இருபதே நிமிடம்.

கதவு தட்டப்பட்டது. போலீஸ்!

கான்ஸ்டபிள் டீகன் உள்ளே வந்தாள். சின்னப் பெண். கண்கள் மட்டும் பழைய போலீஸ். மேஜையில் இரண்டு கப் டீ. ஒன்று தொடப்படாமல் ஆறிக்கிடந்தது.

"நர்ஸ் ஃபோன் பண்ணாங்க. கோரல் எங்க?"

"தோட்டத்துலம்மா."

"பார்த்தேன். யாருமில்ல!"

"ரோஜாச் செடி இருக்குல்ல... அதுக்குக் கீழ."

டீகனின் கை துப்பாக்கிக்குப் போனது!

"யார் புதைச்சது?"

"நான்தான்!"

"எப்போ?"

"அஞ்சு வருஷமாச்சு. சாம்பலாத்தான் குடுத்தாங்க. ரோஜான்னா அவளுக்கு உசுரு."

கை இறங்கியது.

"அப்ப ஆஸ்பத்திரி ஃபாரத்துல ஏன் அவங்க பேரு?"

"துணைக்கு ஆள் பேரு எழுதினாத்தான் வீட்டுக்கு விடுவாங்களாம். வாசல்ல கார்ல காத்திருக்கான்னு புளுகிட்டு டாக்ஸி புடிச்சு வந்துட்டேன். எவ்வளவோ யோசிச்சேம்மா... வேற பேரே வரல."

மெர்வ் அழுதார். மறைக்கவில்லை.

டீகன் நர்ஸை ஃபோனில் கூப்பிட்டாள்.

"குழாய் விட்டா சிலருக்கு இப்படிக் காய்ச்சல் வரும்," என்றாள் லியான். "பாராசிட்டமால் குடுங்க. மூச்சு முட்டினாலோ ரத்தம் வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ். ஆனா காலைல வரைக்கும் யாராவது கூட இருந்தே ஆகணும்!"

டீகன் தொப்பியைக் கழற்றி வைத்தாள். ஆறிய டீயைக் கொட்டிவிட்டுக் கெட்டிலைப் போட்டாள்.

"எனக்கு அஞ்சு மணிக்கு ட்யூட்டி முடியுது. பொய் எழுதிக் குடுத்த ஆளைத் தனியா விட முடியுமா? காலைல வரைக்கும் நான்தான் காவல்!"

"காய்ச்சல் எப்ப விடும்?" என்றார் மெர்வ்.

"நாளைக்கே விட்டுடுமாம்."

மெர்வின் முகம் தொங்கிப்போனது.

"நாளைக்கேவா...! இன்னொரு தடவை குழாய் விடச் சொல்லேன்!"