முதல் மாடி என்று சொன்னவர்

டீச்சர் பார்லருக்குள் நுழைந்தபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் உட்காரவில்லை.

"முடி வெட்டணுமா டீச்சர்?" என்றாள் பார்லர்க்காரி.

"இல்லம்மா. உங்க அண்ணியைப் பார்க்கணும்."

பார்லர்க்காரிக்குக் கை பரபரத்தது. அண்ணியைத் தேடி ஆள் வந்தால் வீட்டில் விஷயம் இருக்கிறது என்று பொருள். தீ விபத்து நடந்த இடங்களில் காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சாம்பலைக் கிளறிக் காரணம் கண்டுபிடிக்கும் வேலையைப் பல காலம் பார்த்தவர் அண்ணி. ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் சர்வேயரம்மாதான். பார்லர்க்காரி கடைக்கதவில் 'இதோ வருகிறேன்' பலகையைத் தொங்கவிட்டு டீச்சரை மேலே அழைத்துப் போனாள். தானும் கூடவே உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

டீச்சர் பையிலிருந்து ஒற்றைச் செருப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் மெத்தென்ற செருப்பு. இடது கால்.

"என் வீட்டுக்காரர் உயிரைக் காப்பாத்தினவரோட செருப்பு இது. எங்க சமையல்கட்டுல கிடந்துச்சு. அவர் யாருன்னு தெரியல. கண்டுபிடிச்சுக் குடுங்க. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லாம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

டீச்சரின் கணவர் வானொலியில் காலைச் செய்தி வாசிப்பவர். மத்தியானம் வீட்டில் தனியாக இருப்பார். செவ்வாய்க்கிழமை தேநீருக்காக அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டுத் திரும்பியவர் அப்படியே சமையலறைத் தரையில் சரிந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருக்கிறார். யாரோ உள்ளே வந்து அடுப்பை அணைத்து, நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். முறை தெரிந்த ஆள்தான் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்நேரம் நடந்திருப்பதே வேறு என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"கதவு?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

"அவர் இருக்கிறப்போ தாழ் போடமாட்டார். சும்மா சாத்தியிருக்கும்."

"ஆம்புலன்ஸ்காரங்க அந்த ஆளைப் பார்க்கலையா?"

"குரலை மட்டும் கேட்டிருக்காங்க. நாங்க இருக்கிறது மூணாவது மாடி. ஆனா போன்ல முதல் மாடின்னு சொல்லியிருக்கார். இவங்க முதல் மாடிக்கு ஓடி பல் டாக்டர் கதவைத் தட்டியிருக்காங்க. அப்போ மேலேருந்து 'இங்க வாங்க, மேல வாங்க'ன்னு ஒரு சத்தம். இவங்க ஏறிப் போனா வீட்டுக்குள்ள அவர் மட்டும்தான் கிடக்கிறார். கூப்பிட்டவரைக் காணோம். மேல் படிக்கட்டுப் பக்கமா ஒதுங்கி நின்னுட்டு, இவங்க உள்ள போனதும் இறங்கிப் போயிருக்கணும்."

"உங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

டீச்சர் தயங்கினார். "ஏதோ கனவு மாதிரி சொல்றார். ஒரு குரல் 'விடாத, விடாத, கரை பக்கத்துலதான் இருக்கு'ன்னு சொல்லிட்டே இருந்துச்சாம். அவர் தண்ணியில காலே வெச்சதில்ல."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"எங்க குடியிருப்போர் சங்கச் செயலாளர்தான் காப்பாத்தினார்ங்கிறாங்க. அவர் எங்களுக்கு நேர் மேல்வீடு. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அவருக்குப் பாராட்டாம். நான் நேர்லயே போய்க் கேட்டேன். 'அதெல்லாம் எதுக்கும்மா'ன்னு சிரிச்சார். நன்றி சொன்னேன். ஆனா சொன்ன மாதிரியே இல்ல."

பிறகு, கேட்காமலேயே ஒன்றைச் சேர்த்தார். "எங்க அண்ணன் ஊருக்கு வெளியில ஒரு பெரிய வீடு பார்த்து வெச்சிருக்கார். சுத்திலும் தோட்டம். இந்த நெருக்கடியில ஏன் கிடக்கிறீங்கன்னு திட்டறார். நாங்களும் சரின்னுட்டோம். போறதுக்குள்ள அந்த மனுஷனைப் பார்த்துடணும்."

சர்வேயரம்மா செருப்பைத் திருப்பி அடிப்பகுதியைப் பார்த்தார். ஈரம் காய்ந்த தடம். அதில் சிவப்பாக மணல் மணலாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி வெள்ளைத்தாளில் தட்டினார்.

"செங்கல் தூள்," என்றாள் பார்லர்க்காரி முந்திக்கொண்டு.

"ஆமா. எங்கேருந்துன்னு யோசிச்சு வை."

டீச்சரின் வீட்டுக்குப் போக மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது. பார்லர்க்காரிக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு தளத்துச் சுவரிலும் பெரிய நீல எழுத்தில் மாடி எண் எழுதியிருந்தது.

"யார் எழுதினது?" என்றார் சர்வேயரம்மா.

"செயலாளர்தான். ஏணி போட்டு அவரே எழுதினார். ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினாரே!"

சமையலறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டிய அளவு. ஜன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல எதிர்க்கட்டிடத்தின் முதுகு. இந்தப் பேட்டையே அப்படித்தான். சரிவில் அடுக்கிய பெட்டிகள் மாதிரி வீடுகள். ரொட்டிக்கடை, மருந்துக்கடை, பஸ் நிறுத்தம், ஆம்புலன்ஸ் கொட்டகை, பள்ளிக்கூடம் எல்லாம் கூப்பிடு தூரம். ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள்.

நேர் எதிரே இருந்த ஜன்னலின் கண்ணாடி முழுவதும் உட்பக்கமாகத் தாள் ஒட்டியிருந்தது. வெயிலில் பழுத்து மஞ்சளாகிப் போன தாள். நடுவில் ஒரே ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"அங்க யார் இருக்காங்க?"

டீச்சர் முகம் சுருங்கியது. பதில் சொன்னது பார்லர்க்காரி. "ஒரு அப்பாவும் மகளும். அந்தப் பெரியவரைத்தான் இவங்க வீட்டுக்காரர் போன வருஷம் சங்கக் கூட்டத்துல வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினார். 'எப்பப் பாரு எங்க சமையல்கட்டையே பார்த்துட்டு நிக்கிறீங்க, உங்க கண்ணை உங்க வீட்டுக்குள்ள வெச்சுக்குங்க'ன்னு. செய்தி வாசிக்கிற குரல் வேற! மூணு தெருவுக்கும் கேட்டுச்சு. மறுநாளே அவர் தாள் ஒட்டிட்டார்."

"தப்புதான்," என்றார் டீச்சர் மெல்ல. "அந்தப் பக்கமும் சமையல்கட்டு. அவர் பாத்திரம் கழுவத்தான் அங்க நிப்பார். நானும் அன்னைக்கு வாயைத் திறக்கல."

சர்வேயரம்மா கெட்டிலைத் தூக்கிப் பார்த்தார். மூக்கில் விசில் வைத்த கெட்டில். தண்ணீர் கொதித்தால் யாராவது வந்து அணைக்கும்வரை கத்திக்கொண்டே இருக்கும்.

"வா," என்றார் பார்லர்க்காரியிடம். "அந்த வீட்டைப் பார்த்துட்டு வரலாம்."

பின்கட்டிடத்துக்கு வாசல் மேல்தெருவில். மேல்தெருவுக்கு முறைப்படி போவதானால் சந்தையைச் சுற்ற வேண்டும். இரண்டு தெருவையும் நேராக இணைக்கும் படிச்சந்து பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டிருந்தது. குறுக்கே பலகை கட்டி, உள்ளே புதுச் செங்கல்லும் உடைத்துப் போட்ட பழைய செங்கல்லுமாகக் கிடந்தன. பார்லர்க்காரி சட்டென்று நின்றாள்.

"அண்ணி! செங்கல்!"

"நல்ல கண்ணு உனக்கு. நட."

மேல்தெருவுக்கு வந்து அந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்து ஒரு மாடி ஏறினார்கள். நடையில் சின்னதாக ஒரு ஜன்னல். அதன் வழியே எட்டிப் பார்த்த பார்லர்க்காரிக்கு வாய் பிளந்துவிட்டது. எதிரே டீச்சரின் சமையலறை, அதே உயரத்தில். டீச்சர் கெட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஒரு மாடிதானே ஏறினோம்!"

"தெரு சரிவு. அங்க மூணு, இங்க ஒண்ணு," என்றார் சர்வேயரம்மா. "பதற்றத்துல போன் பண்றவன் தான் நிக்கிற மாடியைத்தான் சொல்லுவான்."

கதவைத் திறந்தவள் மகள். பின்னால் பெரியவர் வந்தார். தலை நரைத்திருந்தாலும் அகன்ற தோள். இடது பாதத்தில் கட்டுப் போட்டிருந்தது. கதவுக்குப் பக்கத்து ஆணியில் கயிறு கோத்த விசில் ஒன்று தொங்கியது. அதன் கீழே ஒரு படம். நீச்சல் குளத்தின் ஓரத்தில் இளைஞராக இவர், சுற்றிலும் ஈரத்தலையோடு பிள்ளைகள். அடியில் 'நீச்சல் மாஸ்டர்' என்று எழுதியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுல நடந்தது…" என்று ஆரம்பித்தார் சர்வேயரம்மா.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க," என்றார் பெரியவர், மகளைப் பார்க்காமல். "நான் அந்த ஜன்னல் பக்கமே போறதில்ல."

சர்வேயரம்மா தலையாட்டினார். "சரிங்க. காலைப் பார்த்துக்குங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் பார்லர்க்காரி வெடித்தாள். "என்ன அண்ணி, கையில கிடைச்ச ஆளை விட்டுட்டு வர்றீங்க? செருப்பை நீட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்!"

"ஏன் ஒளியறார்னு யோசிச்சியா? நான்தான் காப்பாத்தினேன்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன? 'அப்போ நீ ஜன்னல்ல பார்த்துட்டுத்தானே இருந்தே?' மகள் முன்னாடி ஒரு தடவை தலை குனிஞ்ச மனுஷன், மறுபடி குனிவாரா? நாம அவரை இழுத்துட்டு வரக்கூடாது. அவரை ஒளிய வெச்சவர் வந்து கூப்பிடணும்."

அன்று மாலையே டீச்சர், சர்வேயரம்மா கண்டுபிடித்ததையெல்லாம் மருத்துவமனையில் கணவரிடம் சொன்னார். செய்தி வாசிப்பவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு, "டிஸ்சார்ஜ் ஆனதும் வீட்டுக்குப் போக வேணாம். நேரா கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போ," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் கீழ்த்தளக் கூடம் நிறைந்திருந்தது. செயலாளர் இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் இருந்தார். மகளின் வற்புறுத்தலுக்காக வந்திருந்த பெரியவர் கடைசி வரிசையில், கதவை ஒட்டி. பார்லர்க்காரிதான் மகளிடம் போய், அப்பாவை எப்படியாவது கூட்டிவரச் சொல்லியிருந்தாள். காரணம் சொல்லாமல் நாக்கை அடக்கிக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

செய்தி வாசிப்பவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தக் கணீர்க் குரல் இல்லை. காற்றுப் போன குரல். ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டது, அவ்வளவு அமைதி.

"போன வருஷம் இதே இடத்துல நான் ஒரு பெரிய மனுஷரைக் கேவலமாப் பேசினேன். அவர் தன் வீட்டுல பாத்திரம் கழுவினதைத் தவிர வேற ஒண்ணும் பண்ணல. உங்க எல்லார் முன்னாடியும் பேசினேன். அதனால உங்க எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கிறேன். மாஸ்டர், என்னை மன்னிச்சிடுங்க."

தலைகள் பின்னால் திரும்பின. பெரியவர் எழுந்து போகப் பார்த்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ நான் கொஞ்சம் பேசலாமா?" என்று சர்வேயரம்மா முன்னால் வந்தார். "செயலாளர் சார், மாடி எண் எல்லாம் நீங்க எழுதினதுதானே? மூணாவது மாடியை முதல் மாடின்னு உங்க வாய் சொல்லுமா?"

செயலாளர் அசடு வழிந்தார். "சொல்லாதும்மா. நான் காப்பாத்தினேன்னு எங்கேயும் சொல்லலையே. யாரோ கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல மனசு வரல, அவ்வளவுதான்."

கூடம் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, தானாகவே எழுந்து பின்வரிசைக்குப் போனார்.

"முதல் மாடின்னு சொல்லணும்னா, பின்கட்டிடத்துல அதே மட்டத்துல இருக்கிறவராத்தான் இருக்கணும். வீட்டுச் செருப்போட ஓடி வந்திருக்கார், மாத்த நேரமில்லை. செருப்புல செங்கல் தூள். மூடின படிச்சந்துல பலகையைத் தாண்டிக் குதிச்சிருக்கார். திரும்பிப் போறப்போ ஒரு கால்ல செருப்பில்லை, உடைஞ்ச செங்கல் பாதத்தைக் கிழிச்சிருக்கு. சாகக் கிடக்கிறவர்கிட்ட 'கரை பக்கத்துலதான் இருக்கு'ன்னு யார் சொல்லுவாங்க? தண்ணியிலேருந்து ஆளை இழுத்துப் பழகினவர்தான்."

"ஆனா ஜன்னல்லதான் தாள் ஒட்டியிருந்துச்சே, எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றது ஒரு குரல்.

"அவர் பார்க்கல. கேட்டார். கெட்டில் விசில் நிக்காம கத்திட்டே இருந்திருக்கு. அணைக்க ஆள் வரலைன்னா அந்த வீட்டுல என்னமோ ஆயிடுச்சுன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கு. தாளைக் கிழிச்சுப் பார்த்தது அப்புறம்தான். எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, கிழிச்ச இடத்துல புதுத்தாளை ஒட்டிட்டார். பழசு மஞ்சள், புதுசு வெள்ளை. வேற ஒரு தடயமும் எனக்குத் தேவைப்படல."

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "கட்டில் கால்ல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னீங்களேப்பா," என்றாள்.

டீச்சர் கூடத்தின் நடுவழியே நடந்து வந்தார். வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் வைத்துக்கொண்டார். பார்லர்க்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது.

"தோட்டத்து வீடு வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்," என்றார் டீச்சர் கடைசியில். "அங்க கெட்டில் கத்தினா மரம்தான் கேட்டிருக்கும். நாங்க இங்கேயே இருக்கோம்."

செய்தி வாசிப்பவரும் மெல்ல நடந்து வந்து சேர்ந்தார். மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். குற்றம் செய்தவரைப் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நெஞ்சு இன்னும் வலிக்குதுங்களா?"

"இழுத்து மூச்சு விட்டா வலிக்குது."

"இடது பக்கம்தானே? விலா எலும்பு ஒண்ணு போயிருக்கும். அழுத்தறப்போ எனக்குச் சத்தம் கேட்டுச்சு. நிறுத்த முடியல, நிறுத்தினா நீங்க போயிடுவீங்க. அன்னைலேருந்து அதே நினைப்பா இருக்கு. மன்னிச்சுக்குங்க சார்."

செய்தி வாசிப்பவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்ததில் விலா வலித்தது. வலி பொறுக்காமல் மாஸ்டரின் அகன்ற தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, விடாமல் சிரித்தார்.