கிழக்கு மூலையில் மூன்று தண்டு

ஒரு செடி மனிதனின் விதியை மாற்றாது என்பதைக் காஞ்சிபுரத்தில் அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப் பிறந்தவன் நான். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகைக்கு 'ஃபெங் சுய்யும் என் அக்காவும்' என்று தலைப்பு வரை எழுதி வைத்துவிட்டேன்.

சித்திரையில்தான் பிள்ளையார்பாளையத்து வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். முன்பு நெசவாளர் இருந்த வீடு. கூடத்தில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஈரச் சுண்ணாம்பு வாடை. தரை முழுக்கச் சிவப்பு சிமென்ட். கிழக்கு மூலையில் மட்டும் பாய் அகலத்துக்கு வெள்ளை டைல்ஸ்.

அக்கா அபிநயாவுக்கு அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. யூடியூபில் யாரோ சொன்னார்கள் என்று லக்கி பாம்பூ வாங்கி வந்தாள். கண்ணாடி ஜாடியில் மூன்று தண்டு. சீன வாஸ்துப்படி கிழக்கில் வைத்தால் வீட்டில் ஆரோக்கியம் தங்குமாம். வெள்ளை டைல்ஸ் மேல் வைத்தாள்.

பக்கத்து வீட்டுத் தையல்நாயகி பெரியம்மா அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்க வேணாம்மா. அது முன்ன இங்க இருந்த முனுசாமி, கால உள்ள வுட்டு உக்காந்து நெய்யற தறிக்குழி, அவரு போனப்புறம் மூடிட்டாங்க. ஊட்டுல எல்லாரும் கல்யாணத்துக்குப் போன அன்னிக்கி, உச்சி வெயில்ல, குழிக்குள்ளயே மாரைப் புடிச்சிக்கினு சாஞ்சிட்டாரு. வாயில வெத்தல. கை தண்ணிச் சொம்பு பக்கமா நீட்டிக்கினே இருந்திச்சி. கூப்ட்டுதான் இருப்பாரு. தெரு முழுக்கத் தறிச் சத்தம், யாருக்குக் கேக்கும்?"

"மூங்கிலுக்கு ஊத்தறப்போ அவருக்கும் சேத்து ஊத்திடலாம் பெரிம்மா. டூ இன் ஒன்."

"வாயைக் கழுவுடா தினகரா," என்றாள் அபிநயா.

செடியோடு பேசவும் வேண்டும் என்று அந்த வீடியோ சொல்லியிருந்தது. தினமும் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் ஊற்றி, "குடிப்பா" என்பாள். அவள் குரலிலேயே அதைச் சொல்லிக்காட்டி நண்பர்களைச் சிரிக்க வைத்தேன்.

ஒரு மணிக்குள் ஜாடி வறண்டுவிடும். 'ஆவியாதல்' என்று குறித்துக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை அம்மா அவளை ஸ்கேனுக்கு அழைத்துப் போனாள்.

"பன்னண்டுக்கு மறக்காம ஊத்துடா."

மறக்கவில்லை. ஊற்றவில்லை. ஆராய்ச்சி.

தெருவில் தறிகள் ஒரு மணிச் சாப்பாட்டுக்காக ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறியும் ஓய்ந்தது.

டக்.

எங்கள் வீட்டில்.

டக்... டக்...

டைல்ஸுக்கு அடியில் யாரோ தறியின் மிதிக்கட்டையைக் காலால் அழுத்தும் தாளம். என் உள்ளங்காலில் அதிர்ந்தது. கூடத்தில் வெற்றிலை வாடை ஏறியது.

கைபேசி அடித்தது. அம்மா.

"டேய்... டாக்டரம்மா தேடிக்கினே இருக்காங்கடா. கொயந்தைக்குத் துடிப்பு கெடைக்கலையாம்."

டக். டக். டக்.

சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடிவந்தேன். பாதி தரையில் கொட்ட, மீதியை ஜாடியில் ஊற்றினேன். தண்ணீர் என் கண்ணெதிரே இறங்கியது. யாரோ மூச்சுவிடாமல் உறிஞ்சுவதுபோல.

சத்தம் நின்றது.

கைபேசியில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். "கெடச்சிடுச்சுடா. இருக்குது... இருக்குது."

கட்டுரை வெளிவரவில்லை.

ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் மூங்கில் மஞ்சளாகி அழுகிவிட்டது. அம்மா மூன்று தண்டையும் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். வெறும் ஜாடி மட்டும் அதே டைல்ஸ் மேல் இருக்கிறது. அதை எடுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். காரணம் கேட்டதற்கு, அழகாக இருக்கிறது என்றேன்.

நேற்று அக்கா குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்தாள். பன்னிரண்டு மணி. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, செடியில்லாத ஜாடியில் தண்ணீர் ஊற்றினேன்.

"குடிங்க," என்றேன்.

மட்டம் இறங்கி முடிந்ததும் பார்த்தேன். கண்ணாடி விளிம்பில், வெற்றிலைச் சிவப்பில், ஈரமாக ஒரு உதட்டுத் தடம்.

வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, இன்னொரு சொம்பு மொள்ளப் போனேன்.