தப்பான கோபுரம்

"இன்னைக்கு விட்டா இந்த வருசம் மணி கிடையாது!" என்று கத்திக்கொண்டே இன்பராஜ் நங்கூரத்தை இழுத்தான். நாளை தென்காற்று கிளம்பிவிடும். கடல் கலங்கிவிட்டால் அடியில் கிடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

அவர்கள் தேடியது தங்கமல்ல, ஊர்க் கோயிலின் வெண்கல மணி. தாத்தா காலத்தில் அதை ஏற்றிவந்த தோணி கவிழ்ந்து மூழ்கிப்போனது. அடையாளம் ஊருக்கே தெரியும்: கரையில் கோயில் கோபுரம் ஒற்றைப் பனையை மறைக்கும் நேர்கோட்டில், பாறைத் திட்டின் ஓரம். எத்தனையோ பேர் அங்கே முங்கிப் பார்த்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

படகில் மூன்றே பேர். கடலடிக்கு முங்கிச் சங்கு குளிக்கிற இன்பராஜ். அவன் கயிற்றைப் பிடிக்க மச்சினன் காஸ்பர். மனைவியின் உடன்பிறந்தவனை நம்பித்தான் கடலில் இறங்குவது அந்தக் கரையின் வழக்கம். எஞ்சினைப் பார்த்துக்கொள்ள மனைவி ஜெனிட்டா. சிறு வயதில் ஓர் அலை சுருட்டிப் போட்டதிலிருந்து தலையை முக்கவே நடுங்குகிறவள். அந்த நடுக்கத்தோடு அவளுக்குத் தீராத சண்டை. சில மாதங்களாக வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி மூச்சடக்கினாள், பிறகு கரையோரத்தில். "சுறா பிடிக்கப் போறியாட்டி?" என்று இன்பராஜ் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்! ஒரு முறையாவது கடலின் அடியைத் தொட்டுவிட வேண்டும் அவளுக்கு.

கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"லே காஸ்பர், இது புதுக் கோயில்லா? பழைய கோயில் இப்போ பயலுக பந்து விளையாடுற இடத்துலல்லா இருந்துச்சு! மணி விழுந்தப்ப இந்தக் கோபுரமே கிடையாதே!"

ஊரே இத்தனை வருடம் தப்பான கோபுரத்தை வைத்துத் தேடியிருக்கிறது!

படகைத் திருப்பினார்கள். பழைய கோயில் இருந்த மைதானத்து விளக்குக் கம்பம் பனைக்கு நேரே வந்ததும் இன்பராஜ் குதித்தான். மேலே வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு, மூக்கில் ரத்தம். "கிடக்கு! கண்ணால பார்த்தேன்!" என்றவன், அடுத்த நொடி காதைப் பொத்திக்கொண்டு படகில் சுருண்டான்.

இன்னும் மணியில் கயிறு கட்டவில்லை. இன்பராஜால் இனி முங்க முடியாது. காஸ்பருக்கோ மூச்சிரைப்பு நோய். "விட்ருங்க மச்சான், உசுருதான் பெருசு" என்றான் அவன்.

"நான் குளிக்கேன்" என்றாள் ஜெனிட்டா.

"பைத்தியமாட்டி உனக்கு?" என்றான் இன்பராஜ்.

"ஒரே தடவை. முடியலன்னா கயித்தை இழுக்கேன், தூக்கிருங்க."

இன்பராஜ் எழுந்து உட்கார்ந்தான். பிறகு காஸ்பரிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். "நானே பிடிக்கேன். போ."

அடிக்கு இழுக்கும் கனத்த கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் தலைக்கு மேல் மூடியதும் அந்தப் பழைய அலை மறுபடி சுருட்டுவது போலிருந்தது. கை தானாக இடுப்புக் கயிற்றைத் தேடியது. இழுக்கப் போனாள்... இழுக்கவில்லை! மனதுக்குள் மெல்ல எண்ணத் தொடங்கினாள். அதோ, சிப்பி மூடிய மணி பாதி மணலில் சாய்ந்து கிடந்தது! கூடவே கொண்டுவந்த இன்னொரு கயிற்றை அதன் வளையத்துக்குள் விட்டு இறுக்கி முடிச்சிட்டாள். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் இடுப்புக் கயிற்றை இழுத்தாள்.

"கட்டிட்டேன்!" மேலே வந்ததும் கத்தினாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்துப் படகுகளும் சேர்ந்து இழுக்க, பொழுது சாயுமுன் மணி கரையேறியது. ஊரே கூடிவிட்டது. மாமியார் லூர்தம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மருமகளின் தலையைத் துவட்டினாள்.

"பயமா இல்லையாட்டி?"

"இருந்துச்சு அத்தை. இப்பவும் இருக்கு. அதையும் கூட்டிக்கிட்டுத்தான் முங்குனேன்."

"மணியை எடுத்தது யாருப்பா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

காதில் பஞ்சு அடைத்திருந்த இன்பராஜ், கயிறு உரசிச் சிவந்த உள்ளங்கைகளை உயர்த்திக் காட்டினான்.

"என் பொண்டாட்டி! கயிறு பிடிச்சது நான்!"