யாரும் ஒதுங்க வேண்டாம்

"தோசைக்கல் மாதிரி இருக்கு, நைனா" என்றாள் ஈவ்லின்.

அப்பா ஸ்டீவன் கையிலிருந்த போட்டோவைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். படத்தில் ஒரு வெட்டவெளி. நடுவில் ஒரு வெள்ளைத் தட்டு.

அது தோசைக்கல் இல்லை. ரேடியோ தொலைநோக்கி. ஆர்.கே.பேட்டையைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிய பாறைக்காட்டில் நிற்கிறது. நேரில் பத்து மாடி உயரம். அங்கே வரவேற்பு அறையில் மாட்டுவதற்கு ஒரு பெரிய படம் கேட்டிருந்தார்கள்.

"அங்க இருக்கிற எஞ்சினியர் மேடமும் இதையேதான் சொன்னாங்க" என்றார் ஸ்டீவன். "எவ்ளோ பெரிசுன்னு படத்துல தெரியலயாம். நாளைக்கு இன்னொரு வாட்டி வரச் சொல்லிக்கிறாங்க. அதுவும் சரியா வரலன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆள் வருவாங்களாம்."

கடைசி வார்த்தைகளை அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

திருத்தணி மலையடிவாரத்தில் அவருடைய ஸ்டூடியோ. மொட்டை போட்ட குழந்தைகளை, தலையில் சந்தனம் காய்வதற்குள் படம் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் சரி, "ஒதுங்குங்க, ஒதுங்குங்க! பின்னாடி யாரும் நிக்காதீங்க" என்று ஒரு சத்தம் போடுவார். படத்தில் குழந்தையும் மொட்டையும் மட்டும் பளிச்சென்று விழும்.

"நாளைக்கு ஸ்கூல் லீவுதானே? நானும் வரேன்" என்றாள் ஈவ்லின்.

மறுநாள் காலை இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். புதிய கேமரா ஸ்டூடியோவிலேயே இருந்தது. ஈவ்லின் மடியில் இருந்தது பழைய பிலிம் கேமரா. அதற்கு பேட்டரி கிடையாது. அந்த இடத்துக்குள் அப்படிப்பட்ட கேமராவை மட்டும்தான் விடுவார்கள்.

கேட்டில் காவலர் பரசுராமன் பைக்கை நிறுத்தச் சொன்னார். அப்பாவின் செல்போனை வாங்கிப் பெட்டியில் பூட்டினார். பிறகு ஈவ்லினின் காலைப் பார்த்தார். அவள் நடக்க நடக்க, குதிகாலில் சிவப்பும் நீலமும் மின்னின. கிறிஸ்துமஸுக்கு வாங்கிய ஷூ.

"இது இன்னா?"

"ஷூ."

"ஷூவுக்குள்ள இன்னா?"

"காலு."

"காலுக்குக் கீழ?"

"லைட்டு."

"லைட்டு உள்ள போகக்கூடாதும்மா. காலு போலாம்."

ஷூவும் பெட்டிக்குள் போனது. தரையெல்லாம் சரளைக்கல், நடுநடுவே நெருஞ்சி முள். ஈவ்லின் ஒற்றைக் காலில் நின்றாள்.

டீ கேனுடன் வந்துகொண்டிருந்த ஒரு பெண் இதைப் பார்த்தார். அங்கே சமையல் வேலை செய்யும் கௌரியம்மாள். தன் ரப்பர் செருப்பைக் கழற்றி ஈவ்லின் முன்னால் தள்ளினார்.

"போட்டுக்கோ பாப்பா."

"உங்களுக்கு, அத்தை?"

"என் காலு பழகின காலு. முள்ளுதான் பயப்படணும்."

செருப்பு படகு மாதிரி இருந்தது. ஈவ்லின் அதை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

எஞ்சினியர் ஷோபனா அவர்களை அழைத்துப் போக வந்தார். தொலைநோக்கிக்குக் கேட்டுவிடும் என்பதுபோல மெதுவாகப் பேசினார்.

"ரொம்ப தூரத்துல இருக்கிற நட்சத்திரங்கள்லேர்ந்து ரேடியோ அலைகள் வருது. அதைப் பிடிக்கிற தட்டு இது. அந்த அலைகள் ரொம்ப ரொம்ப மெல்லிசு. பக்கத்துல ஒரு போன் இருந்தா, ரகசியம் கேக்கும்போது காதுகிட்ட மேளம் அடிச்ச மாதிரி."

"என் ஷூ?"

"அது சின்ன மேளம்" என்று ஷோபனா சிரித்தார். பிறகு அப்பாவிடம், "இன்னிக்கு கிரீஸ் போடறதுக்காக நிறுத்தி வச்சிருக்கோம். வேலை முடிஞ்சதும் சைரன் ஊதுவோம். அப்புறம் தட்டு திரும்ப ஆரம்பிச்சிடும். கிட்ட யாரும் நிக்கக்கூடாது. அதுக்குள்ள எடுத்துடுங்க சார்" என்றார்.

அவர் வேலையைப் பார்க்கப் போனார். கௌரியம்மாள் ஈவ்லின் பக்கத்தில் நடந்துகொண்டே கேட்டார்.

"உங்க நைனா என்னை ஒண்ணு எடுப்பாரா? இது கட்டின நாள்லேர்ந்து இங்கதான் டீ போடறேன். உள்ள போன் கூடாதே, ஒரு போட்டோகூட இல்ல. எங்க ஓரகத்தி நம்பவே மாட்டேங்கிறா. 'நீ எங்கியோ பஸ் ஸ்டாண்டுல டீ ஆத்திகினு கீறே'ன்றா."

ஈவ்லின் சொல்வதற்குள் அப்பாவின் குரல் வந்துவிட்டது. முக்காலி போட்டுக் கேமராவை வைத்திருந்தார்.

"ஒதுங்குங்கம்மா, ஒதுங்குங்க. படத்துல விழறீங்க."

கௌரியம்மாள் சட்டென்று கேனைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனார். 'பரவாயில்லை' என்பதுபோல ஈவ்லினைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

ஸ்டீவன் ஒரு படம் எடுத்தார். இடம் மாற்றி இன்னொன்று. பாறை மேல் ஏறி ஒன்று. தரையில் படுத்து ஒன்று. ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்கியது.

"பிலிம்ல இன்னும் மூணுதான் இருக்கு" என்று முணுமுணுத்தார். "எப்டி எடுத்தாலும் தோசைக்கல்தான்."

"நான் பாக்கட்டுமா?"

ஈவ்லின் கேமராவில் கண்ணை வைத்தாள். வானம். சிவப்பு மண். தட்டு. ஆமாம், தோசைக்கல்தான். ஸ்டூடியோவில் எடுக்கும் படங்களில் குழந்தை எவ்வளவு பெரியது என்று எப்படித் தெரிகிறது என யோசித்தாள். அப்பா எல்லாரையும் ஒதுங்கச் சொன்னாலும், குழந்தையைப் பிடித்த அம்மாவின் கை மட்டும் பக்கத்தில் இருக்கும். அதனால்தான்.

அப்போது ஏதோ அசைந்தது. தட்டைத் தாங்கும் இரும்புக் காலின் அடியில் ஒரு பச்சைப் புள்ளி. அது கௌரியம்மாளின் புடவை. கிரீஸ் போடுகிறவர்களுக்கு டீ கொடுக்கப் போயிருக்கிறார்.

ஒரே நொடியில் தட்டு வளர்ந்தது. இரும்புக் கால்கள் பனைமரத்துக்கு மேலே போயின. தட்டு வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. ஈவ்லினுக்குக் கழுத்தே பின்னால் சாய்ந்துவிடும் போலிருந்தது.

அப்பாவும் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார்.

"ஒதுங்..."

"சொல்லாதே நைனா! அவங்க போகக்கூடாது. நீயே வந்து பாரு."

ஸ்டீவன் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் தலையைத் தூக்கவே இல்லை. பிறகு, தன் வாழ்க்கையில் முதல் முறையாக வேறு மாதிரி சத்தம் போட்டார்.

"யாரும் ஒதுங்க வேணாம்! அங்கியே நில்லுங்க! மேடம், நீங்களும் போங்க!"

கொஞ்சம் தள்ளி இருந்த ஷோபனா ஓடிப்போய் நின்றார். கிரீஸ் கையோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். நடுவில் கௌரியம்மாள், டீ கேனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. ஸ்டீவன் ஒன்று எடுத்தார். பத்திரத்துக்கு இன்னொன்று எடுத்தார்.

சைரன் ஊதியது. எல்லாரும் வேகமாக இந்தப் பக்கம் வந்தார்கள்.

"நல்லா வந்துச்சா?" என்று கௌரியம்மாள் கேட்டார். "என் மூஞ்சி தெரியுமா?"

ஈவ்லின் தொலைநோக்கியின் அடியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் படத்தில் அவர் ஒரு கடுகுதான். ஓரகத்தி பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

"நைனா, கடைசிப் படத்தை நான் எடுக்கட்டுமா?"

ஸ்டீவன் கேமராவை அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

ஈவ்லின் கௌரியம்மாளைப் பக்கத்தில் நிறுத்தினாள். தூரத்தில், அவர் தோளுக்குப் பின்னால் தட்டு மெதுவாகத் திரும்ப ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. பெரிய செருப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"போட்டுக்கோங்க அத்தை. போட்டோவுக்கு."

"காலு விழுமா இதுல?"

"விழாது. இருந்தாலும்."

கௌரியம்மாள் சிரித்தார். ஈவ்லின் அழுத்தினாள்.

இப்போது அந்த வரவேற்பு அறைச் சுவரில் பெரிய படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் முதலில் அடியிலிருக்கும் கடுகுகளைப் பார்க்கிறார்கள். பிறகு அண்ணாந்து, "அடேயப்பா" என்கிறார்கள்.

இன்னொரு படம் கௌரியம்மாள் வீட்டில் இருக்கிறது. அதில் அவர் முகம் நிறைய சிரிப்பு. தொலைநோக்கி அவர் காதுக்குப் பக்கத்தில் சின்னத் தோசைக்கல் மாதிரி தெரிகிறது.

அந்தப் படத்தைப் பற்றி இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.