மெதுவடை கையெழுத்துப் போடுவாரா?

மாலை ஏழரை. விருதுநகர் கல்கிணறு அடுக்ககத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

கனிஷ்கா இட்லித் தட்டுடன் வீட்டுத்திரை முன்னால் உட்கார்ந்தாள். அறுபதைத் தாண்டியவள். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். திரையின் மேல்விளிம்பிலிருந்த கண்பூட்டு அவள் விழிகளை ஒரு தரம் அளந்தது. அறையில் வெளியாள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டது. அப்புறம்தான் தொடர் ஓடியது.

'மாதுளம் மாளிகை'. மூன்று வாரமாக ஒரே கல்யாணம். தாலி இன்னும் தட்டில்தான் இருந்தது. வில்லி பூங்காவனம் வாழைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யாருக்கும் தெரியக்கூடாத சதித்திட்டத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பந்தி பரிமாறப் போன சமையல்காரர் சாம்பார் வாளியுடன் நின்று முழுசாகக் கேட்டார்.

"அம்மா, கடைசி வரி சரியாக் காதுல விழல. விஷம் பாயசத்துலயா, ரசத்துலயா? நான் எதைச் சாப்பிடாம இருக்கணும்னு தெரியணும்ல?"

கனிஷ்கா சிரித்த சிரிப்பில் சட்னி புடவையில் சிந்தியது.

சமையல்காரராக வந்தவர் மெதுவடை திகழன். அந்தப் பட்டப்பெயர் வந்த காட்சி அவளுக்கு மனப்பாடம். தட்டிலிருந்த வடையை எவனோ எடுத்துக்கொண்டு போய்விடுவான். அது தெரியாமல் மனிதர் வெறும் விரல்களை வாய்க்குக் கொண்டுபோவார். கடிப்பார், மெல்லுவார், விழுங்குவார், தண்ணீர்கூடக் குடிப்பார். அதற்கப்புறம் தட்டைப் பார்ப்பார். முகம் மெதுவாக, மிக மெதுவாக இடியும். அது ஊருக்கெல்லாம் ஒரே தொடர் ஓடிய காலம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை; எல்லோரும் காற்றைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வீட்டுக்கு ஒரு தொடர். தனித்தொடர். சுவரில் இருக்கும் செவிப்பொறி அந்த வீட்டின் பேச்சைக் கேட்கும். கேட்டதை வைத்துக் கதை பின்னும். மறுநாள் மாலை அந்த வீட்டுக்கு மட்டும் ஓட்டும். பக்கத்து வீட்டு ஜெனிலாவுக்கும் மெதுவடை வருவார், ஆனால் அங்கே அவர் திருடனைக் கண்டால் ஓடும் போலீஸ் ஏட்டு. மேல்வீட்டில் பேயோட்டி. சுவருக்கு இந்தப் பக்கம் கனிஷ்கா சிரிக்கும்போது அந்தப் பக்கம் அமைதியாக இருக்கும். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும்போது இங்கே திரையில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். பார்த்ததை அடுத்தவரிடம் சொல்வதும் கிடையாது. ராத்திரி கண்ட கனவைச் சொல்வது போலத்தான். கேட்பவர் கொட்டாவி விடுவார்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. ஜெனிலா உள்ளே நுழைந்தாள். கண்பூட்டு அவளைப் பார்த்ததும் திரை இருண்டது.

"அக்கா, சேதி பாத்தீங்களா? மெதுவடை கையெழுத்துப் போட மாட்டாராம்!"

"எதுக்கு?"

"முக உரிமத்துக்கு! முப்பது வருஷத்துக்கு முன்னாடி மூஞ்சியை எழுதிக் குடுத்தாருல்ல, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோட முடியுது. புதுப்பிக்கலைன்னா சனிக்கிழமையிலிருந்து எந்த வீட்லயும் அவரு கிடையாது. என் ஏட்டு போயிட்டாரு. உங்க சமையல்காரரும் போயிட்டாரு."

கனிஷ்கா தட்டைக் கீழே வைத்தாள்.

ஜெனிலாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பாயசமா, ரசமா என்று கேட்டது மெதுவடை அல்ல. கனிஷ்காவின் கணவன் சர்வேஷ். தொடரைக் கிண்டல் செய்யாமல் அவனால் ஐந்து நிமிடம் பார்க்க முடியாது. வாய் நிறைய எதையாவது மென்றபடி திரையிலிருக்கும் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். அவள் "சும்மா இருங்களேன்" என்பாள். செவிப்பொறி சும்மா இருக்கவில்லை. அவன் சொன்னதையெல்லாம் சேமித்து மெதுவடையின் வாயில் போட்டது. அவன் இறந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. அவன் கிண்டல் மட்டும் தினமும் ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"நாம போய்க் கேட்டா என்ன?" என்றாள் கனிஷ்கா. "அருப்புக்கோட்டையிலதான இருக்காரு?"

மெதுவடை ரசிகர் மன்றச் செயலாளர் கனிஷ்காதான். அன்றைக்கே அவரிடம் போனில் பேசினாள். ஆச்சரியம், மனிதர் மறுக்கவில்லை. "வாரேம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அடுக்ககத்தின் கீழ்த்தளக் கூடம் நிரம்பி வழிந்தது. மெதுவடை வந்தார். எழுபத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, இழவு வீட்டுக்கு வந்தவர் போன்ற முகம். கூடவே, நடிகர்களின் முக உரிமத்தை வாங்கி வைத்திருக்கும் முகவங்கியின் இளம் அதிகாரி பிரணவ். ஒரு கையில் கையெழுத்துப் பலகை, மறு கையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி.

"இது நகைமானி. யார் சிரிச்சாலும் சத்தம் போடும்" என்றார் பிரணவ் சிரித்த முகத்துடன். "உரிமத்துல ஒரு விதி இருக்கு. வெளிநகைத் தடை. உரிமம் இருக்கிறவரைக்கும் சார் பொது இடத்துல யாரையும் சிரிக்க வைக்கக்கூடாது. இவர் முகத்தோட தொடர்ல வர்ற நிழல்நடிகருக்குப் போட்டி வந்துரும் பாருங்க."

"முப்பது வருஷமாவா?" என்றார் முன்வரிசைக்காரர்.

"முப்பது வருஷமாத்தான்" என்றார் மெதுவடை. "டீக்கடைக்குப் போனா டீயை மட்டும் குடிச்சிட்டு வந்துருவேன். என் மக கல்யாணத்துல சம்பந்தி வழுக்கி விழுந்தாரு. ஒரு வார்த்தை சொல்லல. எவ்வளவு கஷ்டம்னு நினைக்கிறீங்க?"

யாரோ களுக்கென்றார்கள். நகைமானி 'கிர்ர்' என்றது. மெதுவடை வாயை மூடிக்கொண்டார்.

ரசிகர்கள் முறையிட ஆரம்பித்தார்கள். பேரன் பேசத் தொடங்கியதே உங்கள் தொடரைப் பார்த்துத்தான் என்றார் ஒருவர். ஏட்டு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்றாள் ஜெனிலா. எல்லாவற்றுக்கும் அவர் கைகூப்பினார்.

"நல்லதும்மா. ஆனா நான் அதெல்லாம் சொல்லல. நடிக்கவும் இல்ல. போன மாசம் பஸ்ஸ்டாண்டுல ஒருத்தர் என் சட்டையைப் பிடிச்சுட்டாரு. அவர் வீட்டுத் தொடர்ல நான் அவர் மச்சினனைத் திட்டிட்டேனாம். பாராட்டும் எனக்கில்ல, அடியும் எனக்கில்ல. நீங்க சிரிச்சதுல ஒண்ணைக்கூட நான் பார்த்ததில்ல. கண்பூட்டு என்னை விடாது. யாராச்சும் ஒண்ணு சொல்லுங்களேன். நான் அப்படி என்னதான் செஞ்சேன்னு தெரிஞ்சுக்கறேன்."

கூடம் கூச்சத்தில் நெளிந்தது. அடுத்தவர் முன்னால் சொந்தத் தொடரைச் சொல்வதா?

கனிஷ்கா எழுந்தாள். அவர் மனம் இளகினால் போதும், கையெழுத்து விழுந்துவிடும்.

"மாதுளம் மாளிகைல ஒரு காட்சி அண்ணாச்சி. பெரிய மருமகளை மாமியார் அறைஞ்சிருவா. வீடே அதிர்ச்சியாகுது. ஒவ்வொரு மூஞ்சியையும் மூணு தடவை காட்டுறான். டண், டண், டண். மாமனார், டண் டண் டண். வேலைக்காரி, டண் டண் டண். கடைசியா அடுப்படியில பூண்டு உரிச்சுக்கிட்டிருக்கிற உங்களைக் காட்டுறான். டண். நீங்க நிமிர்ந்து பாத்து..."

அவளையறியாமல் குரல் மாறியது. வாயில் எதையோ ஒதுக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

"'யோவ், மூணு தடவை காட்டினா மூணு தடவை அழணுமா? ஒரு தடவை அழறேன். பாக்கியைப் பூண்டு உரிக்கிறப்போ அழுதுக்கிறேன்.'"

கூடமே வெடித்தது.

இருநூறு பேர், ஒரே சிரிப்பு, ஒரே நொடியில். இளைஞர்கள் பாதிப்பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. சிரித்துக்கொண்டே மிரண்டுபோய் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தை வீறிட்டது. ஜெனிலா பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஆளின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள்.

மெதுவடை மட்டும் அசையவில்லை. சிரிப்பு அடங்கியது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அவர் உதட்டோரம் லேசாக ஆடியது. கன்னம் அசைந்தது. தோள் குலுங்கியது. மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்துக் கூடம் மறுபடி வெடித்தது. நகைமானி ஓயாமல் அலறியது. பிரணவ் அதை எப்படி அணைப்பது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் திணித்தார்.

மெதுவடை மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "இது யாரும்மா?"

"நீங்கதான்."

"இல்ல. என்னோடது தாமதமா வரும். இது சட்டுனு வருது, வாயில சோத்தோட வருது. இது யாரோ வீட்ல உக்காந்து சொன்னது. யாரு?"

கனிஷ்காவுக்குப் பொய் வரவில்லை. "என் வீட்டுக்காரர். சர்வேஷ்னு பேரு. நாலு வருஷமாச்சு."

மெதுவடை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷமா நான் வாடகைக்கு விட்டது வெறும் மூஞ்சின்னு நினைச்சேன். உள்ள குடியிருந்தது நல்ல ஆளுதான்." பிரணவ் நீட்டிய பலகையைக் கையில் வாங்கினார். "எனக்கு வயசாயிருச்சு. மிச்ச நாளாவது டீக்கடையில வாய் திறந்து பேசணும்னு ஆசை, அதான் வேண்டாம்னேன். ஆனா உங்களுக்காகன்னா போடறேன். சொல்லுங்க. போடவா?"

"போடுங்க அண்ணாச்சி!" என்றது கூடம்.

கனிஷ்கா வாய் திறந்தாள். 'போடுங்க' என்ற சொல் நாக்கில் தயாராக இருந்தது. இதற்காகத்தானே ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்தாள்? ஏழரை மணி, பூட்டிய கதவு, சமையல்காரர், சர்வேஷ். எல்லாம் அப்படியே இருக்கும். அவளுக்கு மட்டும்.

ஆனால் காதில் இன்னும் அந்தச் சிரிப்பு இரைந்துகொண்டிருந்தது. சர்வேஷ் உயிரோடு இருந்தபோதுகூட அவனுக்கு இத்தனை பேர் சிரித்ததில்லை. ஒரே ஒருத்திதான் சிரித்தாள். அவளும் பாதி நாள் "சும்மா இருங்களேன்" என்றாள்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"டீச்சருக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு!" என்று பின்வரிசையில் ஒரு குரல் கத்தியது.

"இருக்கட்டும்" என்றாள் கனிஷ்கா. "நீங்க போய் டீ குடிங்க."

மெதுவடை பலகையைத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், வெள்ளிக்கிழமை வரைக்கும் தடை அமல்லதான் இருக்கு" என்றார் பிரணவ் பரிதாபமாக.

"தெரியும் தம்பி." அவர் எல்லோருக்கும் கம்பீரமாகக் கும்பிடு போட்டார். விறைப்பாக நடந்தார். வாசலுக்குப் பதிலாக விளக்குமாறு வைக்கும் அலமாரியைத் திறந்தார், உள்ளே போனார், கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு கதவு திறந்தது. தலையில் ஒட்டடையோடு, அதே கம்பீரத்தோடு வெளியே வந்து, மறுபடி எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வாசல் வழியே போனார்.

பிரணவும் சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. கனிஷ்கா திரை முன்னால் உட்கார்ந்தாள். கல்யாணம் இன்னும் முடியவில்லை. வாளியுடன் யாரோ ஓர் இளைஞன் வந்தான். திரையின் கீழே எழுத்துகள் ஓடின: 'இவருக்குப் பதில் இனி இவர்'. பழைய காலத்திலிருந்து தொடர்களில் மாறாத ஒரே வழக்கம் அது. இளைஞன் பூங்காவனத்திடம் எதையோ சொன்னான். சொற்கள் சர்வேஷுடையவைதான். மேடையில் ஒப்பிக்கும் மாணவன் போலச் சொன்னான். அவள் திரையை அணைத்தாள்.

வீடு ரொம்பவும் அமைதியாக இருந்தது. கனிஷ்கா முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள்.

வெளியே பேச்சுக்குரல். ஏழரை மணிக்கு நடைவழியில் பேச்சுக்குரலா? கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். படிக்கட்டில் ஜெனிலா கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே அவள் புருஷன், மேல்வீட்டுக்காரர்கள், லிஃப்ட் ரிப்பேருக்கு வந்த ஆள்.

"...நாலு தடவை காட்டுறானாம். உடனே அந்த ஆளு வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே..."

"மூணு தடவை" என்றாள் கனிஷ்கா. "பூண்டு."

எல்லோரும் திரும்பினார்கள். ஜெனிலா நகர்ந்து படியில் இடம் விட்டாள்.

"வாங்கக்கா, நான் சொன்னா கெட்டுப்போகுது. அண்ணன் வேற என்னல்லாம் சொல்லுவாரு?"

கனிஷ்கா உட்கார்ந்தாள். தொடரில் வந்ததையெல்லாம் மனதுக்குள் புரட்டினாள். அதில் எதுவும் முதலில் வரவில்லை. வந்தது வேறொன்று. திருச்செந்தூர் போகிற வழியில், பஸ் பழுதாகி வெயிலில் நின்றபோது அவன் கண்டக்டரிடம் சொன்னது. அங்கே செவிப்பொறி இல்லை. எந்தத் தொடரிலும் அது வந்ததில்லை. இத்தனை வருடத்தில் அவளே மறந்திருந்தாள்.

"எங்க கல்யாணமான புதுசு. பஸ்ஸு நடுரோட்ல நின்னுருச்சு. கண்டக்டர் எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னாரு. இவரு இறங்குறாரு, டிக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு நேரா அவர்கிட்டப் போயி..."

அதற்கு மேல் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வழிந்தது. என்ன விஷயம் என்றே தெரியாமல் லிஃப்ட்காரர் சிரிக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மேல்வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

"அக்கா!" ஜெனிலா அவள் முழங்காலை உலுக்கினாள். "சொல்லிட்டுச் சிரிங்கக்கா!"