நாலாவது சனிக்கிழமை

சப்பாத்துக் கால் ஒன்று துஷாந்தினியின் வெறுங்காலில் நச்சென்று இறங்கியது.

“ஐயோ... ஏங்க, செருப்ப எங்க விட்டீங்க?” மிதித்தவன் பதறினான்.

“வாசல்லதான்...”

சொல்லும்போதே பார்த்தாள். மண்டபத்தில் எல்லோர் காலிலும் சப்பாத்து. வீட்டுக்குள் நுழைகிற பழக்கத்தில் அவள் மட்டும் படியிலேயே கழற்றிவிட்டிருந்தாள். முகம் கொதித்தது. வீட்டுக்குத் திரும்ப இரத்தோட்டை பஸ் இன்னும் நிற்குமா...?

அவன் குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினான். “இனி மிதிச்சாலும் அவ்வளவா வலிக்காது. நான் நதா. ஆடுவோமா?” பெரிய கண்கள். சிரிப்பு முதலில் அங்கேதான் வந்தது.

மாத்தளையில், கறுவாவும் ஏலமும் வாங்கும் கடையொன்றின் மாடியில் சனிக்கிழமை தோறும் நடக்கும் ஜோடி நடன வகுப்பு அது. அவள் பார்மசியில் மருந்து கொடுப்பவள். கிழமை முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால்... யாராவது கையைப் பிடித்து ஆட வேண்டும் என்று வந்திருந்தாள். அவ்வளவுதான்.

அடுத்த கிழமையும் நதா வந்து கேட்டான். கால் பிசகினால் திருத்தவில்லை. “பாட்டுலதான் பிழை” என்றான். வகுப்பு முடியும்வரை அவள் கையை விடவுமில்லை.

மூன்றாம் கிழமை, படியிறங்கும்போது டீச்சரின் குரல் காதில் விழுந்தது.

“புது ஆளுங்கள மூணு கிழமைக்கு நீங்கதான் பாத்துக்கணும், நதா. தனியா நின்னா திரும்ப வரமாட்டாங்க. அடுத்த கிழமை இன்னொரு பிள்ள வருது.”

அப்போ... அந்தச் சிரிப்பெல்லாம் வேலையா?

ஏழு நாளும் சோறு இறங்கவில்லை. போகக்கூடாது என்று ஆறு நாள் சொல்லிக்கொண்டாள். ஏழாம் நாள் மழையில் பஸ் ஏறினாள்.

பாட்டுத் தொடங்கியது. நதா, வாசலில் திருதிருவென்று விழித்த புதுப் பெண்ணிடம் நேராகப் போனான். வகுப்புக்கு வரும் செல்லச்சாமி அங்கிள் துஷாந்தினியிடம் கை நீட்டினார். தலையாட்டி மறுத்தாள். பாட்டு முடிந்ததும் அவர் புதுப் பெண்ணை அழைத்துக்கொண்டார். இவள் பையை எடுத்தாள்.

“எங்க ஓடுறீங்க?” நதா வழியை மறித்தான்.

“மூணு கிழமை முடிஞ்சிருச்சில்ல? உங்க டியூட்டியும்தான்.”

அவன் சிரிப்பு செத்துப்போனது. “கேட்டுட்டீங்களா...”

“கேட்டேன்.”

“டியூட்டி ஒரு நாளைக்கு ஒரு பாட்டுதாங்க. நான் உங்கள எப்பவாச்சும் ஒரு பாட்டோட விட்டேனா? மத்தவங்களோடயும் ஆடச் சொல்லி டீச்சர் ஏசினாங்க. நான் கேக்கல.”

“பொய்.”

“டீச்சர கூப்பிடவா?”

“வேணாம்... மானம் போகும்.”

“இன்னைக்கு உங்ககிட்ட யாரும் என்ன அனுப்பல. எனக்கு உங்கள பிடிச்சிருக்கு. எப்பிடி சொல்றதுன்னு யோசிச்சே இப்ப அந்தப் பிள்ள கால ரெண்டு தரம் மிதிச்சுட்டேன். பாவம்.”

சொல்லிவிட்டு அவன் நிமிரவேயில்லை. காது மடல் சிவந்திருந்தது. மூன்று கிழமையாகத் தான் மட்டும்தான் மனதில் உள்ளதைச் சொல்லப் பயந்துகொண்டிருந்ததாக நினைத்தாளே...

பையைக் கீழே வைத்தாள்.

“டான்ஸ் பழகவா இந்த மழையில நனைஞ்சுகிட்டு வந்தேன்னு நினைக்கிறீங்க...?”