தறிச்சத்தத்துக்குள் ஒரு குரல்

யார் இந்த ஆள்...?

மதுரை செல்லூர்ச் சந்தில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. விசைத்தறிக் கூடத்து ஜன்னலுக்குள் ஒரு மைக்கை நீட்டிவிட்டு, தான் மட்டும் தொப்பலாக நனைந்தபடி வெளியே நின்றிருந்தான் அவன். காதில் பெரிய ஹெட்ஃபோன். கண்கள் மூடியிருந்தன.

இந்துப்ரியாவுக்குச் சுருக்கென்றது. தறிச்சத்தம் தாங்கவில்லை என்று எதிர்வீட்டுக்காரர் போன மாதம்தான் புகார் கொடுத்திருந்தார். சத்தத்தை அளக்க ஆள் வந்தாச்சு! அதுவும் அப்பா ஜனகராஜ் நூல் வாங்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து...

ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். தறிகள் எல்லாம் கப்சிப்.

அவன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். "ஐயோ... ஏங்க நிப்பாட்டுனீங்க?"

"எங்க சார் சத்தம்? ஒண்ணும் இல்லையே! அப்படியே எழுதிக்கிட்டுக் கெளம்புங்க."

"எதை எழுத?"

"எம்புட்டுச் சத்தம்னு அளக்கத்தானே வந்தீங்க?"

திருதிருவென்று விழித்தவன், விஷயம் புரிந்ததும் சிரித்துவிட்டான். இமையில் நின்ற மழைத்துளி கன்னத்தில் இறங்கியது. ம்ஹூம்... இந்தக் கண்ணை அதிக நேரம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

"எம்பேரு முத்திருளன். உசிலம்பட்டி. சினிமாவுக்கு மியூசிக் போடுறேன்... போடப்போறேன்."

வருஷக்கணக்கில் யார் யாருக்கோ கீபோர்டு வாசித்தவன். நெசவாளி குடும்பத்துக் கதை ஒன்றுக்கு, 'ஒரு பாட்டுப் போட்டுக் காட்டு, பிடிச்சிருந்தா படம் உனக்கு' என்று டைரக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பாட்டுக்குத் தாளம் தேடித்தான் இந்தச் சந்துக்குள் வந்திருந்தான்.

"இந்த இரைச்சல்லயா பாட்டு?"

"ஒரு நிமிசம் கேட்டுப் பாருங்களேன்."

தறிகள் மறுபடி ஓடின. தன் ஹெட்ஃபோனை ஜன்னல் வழியே அவள் காதில் மாட்டிவிட்டான்.

அவளுக்கு மூச்சே நின்றது... பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். ஆனால் ஒரு தறி கேட்கிறது, இன்னொன்று பதில் சொல்கிறது. ஊடுநூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கம் ஓடி அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை ஸ்வரம்! இத்தனை நாளும் இதற்குள்ளா குடியிருந்தோம்? கண் கலங்கிவிட்டது. அதை அவன் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகு கூடத்துக்குள் மைக்கைக் கட்டிவிட்டு ஓர் ஓரமாகக் கண்மூடி உட்கார்ந்துவிட்டான். அவள் வேலையைப் பார்த்தாள். தறி ஓடும்போது வாய்க்கு வந்ததைப் பாடுவது அவள் வழக்கம். பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது என்ற தைரியம்! தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் அன்றைக்கும் பாடினாள். மனசு முழுக்க அவன்தான் இருந்தான். பாட்டிலும் அவன்தான்.

அவள் நம்பரை வாங்கிக்கொண்டு போனவனிடமிருந்து ஒரு வாரம் கழித்துப் பாட்டு போனில் வந்தது.

தறிகள் தூரத்தில் ஆரம்பித்தன... வயலின்கள் மெல்ல வந்து கலந்தன... ஒரு மனுஷனால் இப்படியும் செய்ய முடியுமா! கை கூப்பத் தோன்றியது. அப்போதுதான் அந்தக் குரல் எழும்பியது.

அவள் குரல்.

சர்ரென்று உடம்பு சூடானது. உடனே போன் போட்டாள்.

"யாரைக் கேட்டு என் குரலைப் போட்டீங்க?"

"தறிக்குள்ள ஒளிஞ்சு கெடந்துச்சுங்க. சுத்தம் பண்ணி எடுக்க நாலு ராத்திரி ஆச்சு... சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன். டைரக்டர் அந்தக் குரலுக்காகத்தான் படமே தாரேங்குறாரு. என்ன அர்த்தம்னு கேட்டாரு, உங்ககிட்டக் கேட்டுச் சொல்றேன்னேன்."

அர்த்தமா! மதுரையில் இருக்கும் எங்கள் சௌராஷ்டிர ஜனம் முழுக்கவும் தியேட்டரில் உட்கார்ந்து அர்த்தம் தெரிந்துகொள்ளும். கடைசியாகத்தான் இந்த மண்டுவுக்குத் தெரியும்...

"எடுத்துருங்க."



"சரிங்க. தப்பு என்னோடதுதான். எடுத்துடுறேன்."

கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தாள். கெஞ்சவில்லை. அதுதான் அவளை வாட்டியது. அதன் பிறகு தறி ஓடியது, வாயில் பாட்டு வரவில்லை. ரோஷத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? உசிலம்பட்டி பஸ் ஏறிவிட்டாள்.

சந்தை ரோட்டு மாடியில் அவனுடைய சின்ன ஸ்டூடியோ அறை. சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. அவளைக் கண்டதும் முத்திருளன் பதறி எழுந்தான்.

"எடுத்துட்டேங்க, சத்தியமா! கேக்குறீங்களா?"

போட்டான். தறி, வயலின்... அவள் குரல் வந்த இடத்தில் திடீரென்று எல்லாம் நின்றது. ஒரு சத்தமும் இல்லை. பிறகுதான் பாட்டு தொடர்ந்தது.

"அந்த எடத்துல ஏன் ஒண்ணுமே இல்ல?"

"புல்லாங்குழல் வச்சுப் பார்த்தேன். சென்னைல இருந்து பெரிய பாடகியைக்கூட வரவச்சேன். எதுவும் ஒட்டல..." தலைகுனிந்தான். "இப்படியேதான் அனுப்புனேன். இது வேணாம், வேற ஆளைப் பாக்குறோம்னுட்டாங்க. போகட்டும். அந்த எடத்துல வேற ஒருத்தரை வைக்க எனக்கு மனசு வரலைங்க. பாட்டுலயும் சரி... வேற எங்கயும் சரி."

ஊரே திரும்பிப் பார்க்கப்போகிற ஒரு வாய்ப்பு. அதை இவளுடைய ஒரு வார்த்தைக்காக விட்டுவிட்டு, இப்படிப் பச்சைப்பிள்ளை மாதிரி நிற்கிறானே!

"அர்த்தம் கேட்டீங்கள்ல... சொல்றேன்." பார்வை தரையில் இருந்தது. "'கண்ணை மூடிக்கிட்டு என் தறியைக் கேக்குறவனே... தறியை ஓட்டுறவளையும் கண்ணைத் தெறந்து பாரேன்...' அம்புட்டுத்தான்."

அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். உலகத்தில் உள்ள அத்தனை ஸ்வரமும் மறந்துபோனவன் மாதிரி நின்றான்.

"பார்த்தேங்க..." குரல் நடுங்கியது. "மெயின் சுவிட்சுல கைய வச்சுக்கிட்டு மொறைச்சீங்களே, அப்பவே பார்த்துட்டேன். மறுபடி பார்த்தா வேலை ஓடாதுன்னுதான் கண்ணை மூடிக்கிட்டேன்."

அவள் முகம் சிவந்துபோனது.

"என் குரலைத் திருப்பிப் போட்டு, இன்னைக்கே டைரக்டருக்கு அனுப்புங்க."

"உங்க ஆளுங்க அம்புட்டுப் பேருக்கும் புரியுமேங்க?"

"புரியும். முதல்ல எங்க அப்பாவுக்குப் புரியும்..." இப்போது அவள் நிமிர்ந்து அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "அதனால படம் வர்றதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்து பேசிருங்க."